மானைச் சுட்டது யார்? வேட்டை எழுத்தும் இரண்டு துப்பாக்கிகளும்

1

எழுபதுகளின் கடைசியில் தாம்பரம் ரயில் நிலையத்தில் இறங்கி நடந்தவர்களுக்கு ஒரு காட்சி நினைவிருக்கலாம். படிக்கட்டுக்குக் கீழே நரிக்குறவர் குடும்பம் ஒன்று உட்கார்ந்திருக்கும். பெண்கள் பாசிமணி கோர்த்துக்கொண்டிருப்பார்கள். ஆணின் தோளில் நீண்ட குழல் கொண்ட நாட்டுத் துப்பாக்கி. பக்கத்தில் ஒரு சாக்குப் பை. அதற்குள் கொக்கோ காடையோ ஏதோ ஒன்று. அம்மா என் கையைப் பிடித்து வேகமாக இழுத்துக்கொண்டு போவாள்.

எங்கள் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி, ஓய்வுபெற்ற இன்ஜின் டிரைவர் ஒருவரின் வீடு. கூடத்துச் சுவரில் பலகையில் பதித்த மான் கொம்பு. போகிற பிள்ளைகளையெல்லாம் நிறுத்தி, "பாத்தியாடா, எங்கப்பா சுட்டது" என்பார். அந்த வீட்டுக்குப் போகும்போது அதே அம்மா என் தலையை வாரி, சட்டைப் பித்தானைப் போட்டு, "தாத்தாகிட்ட மரியாதையா பேசணும்" என்று சொல்லி அனுப்புவாள்.

இரண்டு பேருமே வேட்டைக் குடும்பத்துக்காரர்கள்தான். ஒருவருடைய வேட்டை சுவரில் ஏறிக் குடும்ப வரலாறு ஆனது. இன்னொருவருடையது சாக்குப் பைக்குள் கிடந்து சந்தேகம் ஆனது. என் அம்மா சட்டம் படித்தவள் அல்ல. கல்விக்கூடம் எதுவும் இந்த வேறுபாட்டை அவளுக்குக் கற்றுத்தரவும் இல்லை. ஆனாலும் எந்தத் துப்பாக்கிக்கு வணக்கம், எந்தத் துப்பாக்கிக்கு ஒதுக்கம் என்பது அவள் கைக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கைக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது எது என்பதுதான் இக்கட்டுரையின் கேள்வி. சட்டம் ஒரு விடை. இலக்கியம் இன்னொரு விடை. இரண்டாவதைப் பற்றி நாம் அதிகம் பேசவில்லை.

2

பாதையோரப் பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்த கென்னத் ஆண்டர்சன் ஒன்று கிடைத்தது. மாம்பலத்தில் இறங்க வேண்டியவன், படித்துக்கொண்டே கோட்டை நிலையம் வரைக்கும் போய்விட்டேன். அப்படி எழுதுகிற ஆள். அதை முதலில் ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் மேலே பேச வேண்டும். பிடிக்காத பிரதியைக் கட்டுடைப்பது சுலபம். நம்மை இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவிடாத பிரதியைத்தான் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஆண்டர்சன் 1910இல் பிறந்தவர். பெங்களூர்வாசி. ஸ்காட்லாந்து வழி வந்த குடும்பம். 1974இல் இறந்தார். 1954இல் வந்த முதல் நூல் ஒன்பது ஆட்கொல்லிகளையும் ஒரு மதயானையையும் பற்றியது. 1959இல் சிவனிப்பள்ளிக் கருஞ்சிறுத்தை. தொடர்ந்து பல நூல்கள். கன்னடத்தில் பூர்ணசந்திர தேஜஸ்வி அவரைத் தன் மொழிக்குக் கொண்டுபோய்ச் சொந்தமாக்கிக்கொண்டார். ஆனால் அவருடைய கதைகளில் கணிசமானவை நடந்த மண் நம்முடையது: தேன்கனிக்கோட்டை, ஜவளகிரி, அஞ்செட்டி, பென்னாகரம், ஒகேனக்கல். அன்றைய சேலம் மாவட்டம். இன்றைய கிருஷ்ணகிரியும் தருமபுரியும்.

அவர் கையில் இருந்தது வின்செஸ்டர் 1895 மாதிரி, .405 ரகம். விசையைச் சுற்றி வளையமாக ஒரு லீவர். அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் சுட்ட தோட்டாவின் கூடு வெளியே தெறிக்கும். அடுத்தது அறைக்குள் ஏறும். சுத்தியல் பின்வாங்கித் தயாராக நிற்கும். துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்காமலே அடுத்த குண்டு. ஜான் பிரௌனிங் வடிவமைத்தது. அதிபர் பதவியிலிருந்து இறங்கிய ரூஸ்வெல்ட் 1909இல் ஆப்பிரிக்க வேட்டைக்கு எடுத்துப்போனவற்றில் இந்த ரகமும் உண்டு.

நாட்டுத் துப்பாக்கியின் கதை வேறு. மருந்தை அளந்து குழலின் வாய்வழி கொட்டி, நாரோ துணியோ அடைத்து, ரவையைப் போட்டுக் கம்பியால் இடித்துக் கெட்டிக்க வேண்டும். ஒரே வெடிதான். குறி தவறினால் மான் போய்விடும். பன்றியாக இருந்தால் ஆளே போய்விடலாம். தூறல் விழுந்து மருந்து நமுத்தால் அந்த ஒரு வெடியும் இல்லை.

இதை வெறும் தொழில்நுட்ப வேறுபாடாகப் படிக்கக் கூடாது. கதைசொல்லலின் இலக்கணமே இங்கே மாறுகிறது. முதல் குண்டு, சிலிர்ப்பு, லீவர், இரண்டாம் குண்டு, இருட்டில் உறுமல், விடிந்ததும் ரத்தத் தடம் பிடித்துப் போதல்: ஆண்டர்சன் பாணிக் கதைகளின் ஏற்ற இறக்கம் அடுத்த குண்டு இருக்கிறது என்ற நம்பிக்கையின் மேல் நிற்கிறது. ஒரு வெடிக்காரனுக்கு அந்த நாடகம் கிடையாது. அவன் கதை முழுக்க வெடிக்கு முன்னால் நடப்பது. காற்று எந்தப் பக்கம், சருகு காய்ந்திருக்கிறதா, மான் தலையைத் தூக்கும்போது மூச்சை எப்படி அடக்குவது என்று நெருங்குவதைப் பற்றிய கதை அது. அந்தக் கதைகள் ராத்திரியில் வாயால் சொல்லப்பட்டன. அச்சுக்கு வந்தது லீவர் துப்பாக்கியின் கதை.

3

லீவர் துப்பாக்கி பிறந்த ஊரில் நிலைமை வேறாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் வின்செஸ்டரின் 1894 மாதிரி பண்ணையாளுக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் மான் வேட்டைத் துப்பாக்கி. 70 லட்சத்துக்கு மேல் செய்து விற்றார்கள். அங்கே இன்றைக்கும் ஒருவன் பாட்டனின் பழைய லீவர் துப்பாக்கியை எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்துக்கொண்டு, வருஷத்துக்கு ஒருமுறை மான் சீசனுக்குக் காட்டுக்குப் போகிறான் என்றால், அதில் ஒரு சாதாரணக் குடும்பத்தின் நினைவு இருக்கிறது. குளிர்காலத்துக்கான இறைச்சியும் இருக்கிறது. சந்தைக்காகச் சுட்டுச் சுட்டு வெள்ளைவால் மான் அருகிப்போன பிறகு, 1900இல் லேசி சட்டம் வந்தது. 1937இல் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதித்த வரியைக் காட்டுயிர்ப் பாதுகாப்புக்கு ஒதுக்கினார்கள். மான் பெருகியது. வேட்டைக்காரனின் காசில் மான் பிழைத்தது என்று அவர்கள் சொல்லிக்கொள்வதில் உண்மை இருக்கிறது.

ஆனால் அதே கம்பெனி தன் 1873 மாதிரியை ‘மேற்கை வென்ற துப்பாக்கி’ என்றுதான் விளம்பரம் செய்தது. மேற்கை யாரிடமிருந்து வென்றார்கள் என்ற கேள்விக்கு அந்த விளம்பரத்தில் பதில் இல்லை. சாதாரணக் குடும்பம் வேட்டையாடும் அந்தக் காட்டுக்கு முன்பு வேறு சொந்தக்காரர்கள் இருந்தார்கள்.

அந்த ஏக்கத்தை அப்படியே இங்கே இறக்குமதி செய்ய முடியாது. காரணம் எளிது. இங்கே அந்தத் துப்பாக்கி குடியானவன் கைக்கு வரவே இல்லை. நான்கு ஆண்டுகளை வரிசையாக எழுதிப் பாருங்கள். 1871: குற்றப் பரம்பரைச் சட்டம் (சென்னை மாகாணத்துக்கு 1911இல் நீட்டிக்கப்பட்டது). 1878: ஆயுதச் சட்டம். இந்தியர் துப்பாக்கி வைத்திருக்க உரிமம் வேண்டும், ஐரோப்பியருக்கு விலக்கு. 1879: நீலகிரியில் வேட்டை விலங்குகளையும் மீனையும் பாதுகாக்கும் சட்டம். 1882: சென்னை வனச் சட்டம். பதினோரு வருஷத்துக்குள் அலைகிற மனிதன் குற்றவாளியாகிறான், அவன் ஆயுதம் சட்டவிரோதமாகிறது, அவன் உணவு ‘வேட்டை விலங்கு’ ஆகிறது, அவன் இடம் ‘காப்புக்காடு’ ஆகிறது. நான்கும் ஒரே மேசையில் உட்கார்ந்து போட்ட திட்டம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் காட்டில் மான் சுட்ட ஒரு மலைவாசியின் முதுகில் இவை சேர்ந்தேதான் விழுந்தன.

இந்தப் பின்னணியில்தான் வேட்டை எழுத்து பிறக்கிறது. ‘ஷிகார்’ என்ற சொல்லுக்கு ஒரு எதிர்ச்சொல் தேவைப்பட்டது. அதுதான் ‘களவு வேட்டை’. செயல் ஒன்று, மான் ஒன்று, சாவு ஒன்று. சொல் மட்டும் இரண்டு.

4

இனி ஆண்டர்சனின் பிரதிக்குள் மான் என்னவாக இருக்கிறது என்று பார்ப்போம்.

அவருடைய புலிகளுக்குப் பெயர் உண்டு, ஊர் உண்டு, வரலாறு உண்டு. ஜவளகிரியின் ஆட்கொல்லி ஏன் ஆட்கொல்லி ஆனது என்று காரணகாரியத்தோடு சொல்லப்படும். மானுக்கு அப்படி எதுவும் கிடையாது. மான் என்பது அங்கே முதன்மையாக ஒரு குரல். பரண்மேல் துப்பாக்கியோடு காத்திருக்கும்போது தூரத்தில் கடமான் கத்தும், கொஞ்சம் பக்கத்தில் புள்ளிமான் கூவும், மந்தி இருமும். புலி வருகிறது என்று நமக்குத் தெரிந்துவிடும். கதைக்குள் நுழையப்போகும் நாயகனுக்குக் கட்டியம் கூறும் வேலை மானுடையது. சில இடங்களில் முகாமுக்கு இறைச்சி வேண்டும். அப்போது ஒரு வாக்கியத்தில் மான் செத்துப்போகும். அதே துப்பாக்கிதான், ஆனால் அங்கே பதற்றம் இல்லை. எழுத்தாளர் அங்கே தங்குவதே இல்லை. மானைக் கொல்வது வேட்டை எழுத்தில் ஒரு நிகழ்ச்சியே அல்ல, அது சமையல்.

பைராவின் பிரச்சினை இங்கேதான் தொடங்குகிறது. பூசாரி எனப்படும் மலைமக்களைச் சேர்ந்த பைரா, ஆண்டர்சனின் பல கதைகளில் வழிகாட்டியாக வருகிறவர். நாட்டுத் துப்பாக்கியோடு களவாக மான் சுடப் பதுங்கியிருக்கும் ஆளாகத்தான் அவர் நமக்கு அறிமுகமாகிறார். ஆண்டர்சன் அவரைக் காட்டிக்கொடுக்காமல் விடுகிறார். நட்பு பிறக்கிறது. பல ஆண்டுகள் நீடித்த, உண்மையான நட்பு என்றே படிக்கும்போது தோன்றுகிறது.

ஒரு நிமிஷம். மேலே உள்ள பத்தியின் முதல் வரைவில் ‘ஆண்டர்சன் வருகிறார்’, ‘பைரா வருகிறான்’ என்று எழுதியிருந்தேன். யாரும் சொல்லித்தரவில்லை. பேனா தானாக அப்படித்தான் ஓடியது. ஆங்கிலத்தில் இரண்டு பேருக்கும் ஒரே சொல். தமிழுக்கு வரும்போது ‘ர்’ யாருக்கு, ‘ன்’ யாருக்கு என்று நாம் முடிவு செய்தாக வேண்டும். என் அம்மாவின் கை செய்த வேலையை என் பேனா செய்தது. இரண்டாம் பகுதியில் ‘ஒரு வெடிக்காரன்’, ‘அவன் கதை’ என்று எழுதியதையும் பாருங்கள். அதைத் திருத்தாமல் விட்டிருக்கிறேன், சாட்சிக்கு.

பைராவின் மான் சோறு. ஆண்டர்சனின் முகாம் மானும் சோறுதான். முதலாவதற்கு மன்னிப்பு தேவைப்படுகிறது, இரண்டாவதற்கு அனுமதிச் சீட்டு இருக்கிறது. மன்னிக்கிறவர் கதைசொல்லி ஆகிறார், மன்னிக்கப்பட்டவர் கதாபாத்திரம் ஆகிறார். அதற்குப் பிறகு நடக்கிற ஒவ்வொரு வேட்டையிலும் தரையைப் படிக்கிறவர் பைரா. மடங்கிய புல், ஈரம் காயாத சாணம், குளம்புத் தடத்தின் ஓரம் சரிந்திருக்கிறதா இல்லையா என்பதெல்லாம் அவர் வாசிப்பு. காடு என்ற பிரதியை நேரடியாக வாசிக்கத் தெரிந்தவர் அவர். அந்த வாசிப்பைக் கேட்டு அச்சுக்குக் கொண்டுபோனவர் ஆசிரியர் ஆனார். காப்புரிமைப் பக்கத்தில் பைராவுக்கு இடம் கிடையாது.

ஆண்டர்சனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமல்ல. ‘என் ஷிகாரி’ என்று பெயரே சொல்லாமல் கடந்துபோன துரைமார்கள் எத்தனையோ பேர். இவர் பெயர் சொன்னார், முகம் காட்டினார், அவருடைய பசியையும் பயத்தையும் எழுதினார். கார் விளக்கைப் போட்டு மான் கூட்டத்தைக் கண்கூசவைத்துச் சுடுகிற நகரத்துக் கனவான்களை அவர் வெறுத்தார். பைரா என்றொருவர் இருந்தது நமக்குத் தெரியவருவதே ஆண்டர்சனால்தான். சங்கடம் அங்கேதான் இருக்கிறது. விளிம்பின் குரல் மையத்தின் கருணை வழியாக மட்டுமே வந்துசேரும்போது, அந்தக் கருணையைப் பாராட்டுவதா, அந்த வழியைக் கேள்வி கேட்பதா? இரண்டையும் செய்ய வேண்டும் என்பதே என் பதில்.

பிறகு அந்தக் காட்டுக்கு என்ன ஆயிற்று? 1990களில் அது அதிரடிப்படைகள் தேடுதல் நடத்திய காடு. அதே தருமபுரி மாவட்டத்தில், 1992 ஜூனில், சந்தனக்கட்டையைத் தேடி வந்தவர்கள் வாச்சாத்தியில் என்ன செய்தார்கள் என்பது 2011ஆம் ஆண்டுத் தீர்ப்பிலும், அதை உறுதிசெய்த 2023ஆம் ஆண்டு உயர்நீதிமன்றத் தீர்ப்பிலும் பதிவாகியிருக்கிறது. 2014இல் காவிரி வடக்கு, 2022இல் காவிரி தெற்கு என்று காட்டுயிர் சரணாலயங்கள் அறிவிக்கப்பட்டன. பைராவின் பேரப்பிள்ளைகளுக்கு அந்தக் காட்டில் இன்று என்ன உரிமை என்று கேட்டுக்கொண்டு ஆண்டர்சனைப் படித்தால், அது வேறொரு புத்தகமாகத் தெரியும்.

5

‘வெள்ளைக்காரன் கதை இருக்கட்டும்பா, நம்ம மரபு வேற’ என்று நண்பர்கள் சொல்லலாம். மரபைத் திறந்து பார்ப்போம்.

மானுக்குத் தமிழில் இருக்கும் சொற்களை மட்டும் பாருங்கள்: கலை, பிணை, மறி, உழை, இரலை, நவ்வி. ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று, குட்டிக்கு ஒன்று. இத்தனை சொல் வைத்திருக்கிற மொழி தூரத்திலிருந்து மானைப் பார்த்திருக்க முடியாது. குறிஞ்சித் திணையில் குறவர், பாலையில் எயினர் என்று வேட்டுவர் இல்லாமல் நம் அகமும் புறமும் நிற்காது. கந்தபுராணத்தில் வள்ளி மான் வயிற்றில் பிறந்தவள். அவளை எடுத்து வளர்ப்பவன் வேடர் தலைவன் நம்பிராஜன். மான் பெற்றதை வேடன் வளர்க்கிறான். அவளைத் தேடி முருகனே வேடன் உருவில் வருகிறான். பெரியபுராணத்தில் திண்ணன் பன்றியைச் சுட்டெடுத்த இறைச்சியோடு சாமியிடம் போகிறான். ஆகம விதிப்படி பூசை செய்த சிவகோசரியார் பதறிப்போகிறார்.

ஆகவே வேட்டுவர் நம் மரபின் நடுவீட்டில் இருக்கிறார்கள் என்று பெருமை பேசலாம், பேசுகிறோம். திணை பற்றிய ஆய்வேடுகள் வருஷத்துக்கு எத்தனை! ஆனால் அந்த நடுவீட்டுக்கு வருவதற்குக் கண்ணப்பர் கண்ணைக் கொடுக்க வேண்டியிருந்தது, வள்ளி கோயிலுக்குள் கல்லாக வேண்டியிருந்தது. பாட்டில் வேடன் அழகு. ஸ்டேஷன் படிக்கட்டில் துப்பாக்கியோடு உட்கார்ந்தால் அழுக்கு.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. நரிக்குறவரைச் சங்கக் குறவரின் வாரிசு என்று உணர்ச்சிவசப்பட்டு எழுதுகிறவர்கள் உண்டு. நரிக்குறவர் வீட்டில் பேசுவது வாக்ரிபோலி. அது வடக்கிலிருந்து வந்த இந்தோ ஆரிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. அவர்களைத் திணைக்குள் அடைத்துத்தான் மதிப்புக் கொடுப்போம் என்றால் அதுவும் ஒரு கூண்டு. தமிழ்ப் பழமைக்குச் சாட்சியாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவர்களுக்கு மனைப்பட்டா வேண்டும், சாதிச் சான்றிதழ் வேண்டும். பழங்குடிப் பட்டியலில் சேர்க்கக் கேட்டுக் கேட்டு, 2023 ஜனவரியில்தான் அது சட்டமாக நடைமுறைக்கு வந்தது.

6

திரும்பத் தாம்பரத்துக்கு வருவோம். இந்தத் தென் புறநகரில் இன்று மான் எங்கே இருக்கிறது?

சுவருக்குள் இருக்கிறது. கிண்டிக் காடு கவர்னர்களின் வேட்டைக்கும் ஓய்வுக்குமான இடம். 1821இல் அரசு அதை 35,000 ரூபாய்க்கு வாங்கியது. 1910இல் காப்புக்காடு ஆனது. 1958இல் ஒரு பகுதி தொழில்நுட்பக் கழகத்துக்குப் போனது. பின்னர் நினைவகங்களுக்கும் நிறுவனங்களுக்கும் இன்னும் கொஞ்சம். மிஞ்சிய சுமார் 2.7 சதுர கிலோமீட்டர் 1978இல் தேசியப் பூங்கா ஆனது. அங்கே ‘காட்டு மான்’ என்று நாம் காட்டும் புள்ளிமானே 1945க்குப் பிறகு கொண்டுவந்து விடப்பட்டதாக இருக்கலாம் என்று கருதுகிறார்கள். தாம்பரத்தில் சேலையூர்க் காட்டின் ஒரு பகுதிக்கு 1937இல் கிறித்துவக் கல்லூரி வந்தது. அந்த வளாகத்தில் இன்றும் புள்ளிமான் மேய்கிறது. 1985இல் வண்டலூர்க் காட்டுக்குள் உயிரியல் பூங்கா திறந்தார்கள். காடு என்பது ராஜ்பவன், கழகம், கல்லூரி, பூங்கா என்று பெயர்ப் பலகை மாட்டிக்கொண்ட பிறகுதான் மானுக்கு இடம் கிடைத்தது. பலகை இல்லாத காடு பிளாட் போடப்பட்டது.

சட்டமும் இதற்கு இணையாக நகர்ந்தது. 1972 காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்த உடனே வேட்டை நின்றுவிட்டது என்று நினைக்கிறோம். அந்தச் சட்டம் வெளிமானை முதல் அட்டவணையில் வைத்துக் காத்தது. ஆனால் புள்ளிமானைப் ‘பெரு வேட்டை விலங்கு’ என்ற வகையில் வைத்திருந்தது. உரிமம் வாங்கினால் சுடலாம் என்ற கதவு ஏட்டளவிலாவது திறந்திருந்தது. 1991 திருத்தம்தான் அதை மூடியது. உரிமம் வாங்கும் வசதி உள்ளவர் யார், வனக் காவலரைக் கண்டு ஓட வேண்டியவர் யார் என்று தனியாக விளக்க வேண்டியதில்லை. 1998இல் ராஜஸ்தானில் வெளிமான் வேட்டை வழக்கில் சிக்கிய இந்தி நடிகர் சல்மான் கானுக்குத் தண்டனை வர 2018 ஆயிற்று. ஐந்து வருஷச் சிறை; இரண்டு நாளில் ஜாமீன். அந்த வழக்கை விடாமல் பிடித்திழுத்தவர்கள் பிஷ்னோய் கிராமத்தார் என்பதையும் மறக்கக் கூடாது. எளிய மக்கள் என்றால் கொல்பவர்கள், படித்தவர்கள் என்றால் காப்பவர்கள் என்ற கணக்கு அங்கே உடைகிறது.

இங்கே துப்பாக்கி போய்விட்டது. மான் பிழைத்ததா? கிண்டிப் பக்கத்து வளாகங்களில் பிளாஸ்டிக் தின்றும் நாய் கடித்தும் மான் செத்த செய்திகளை ஆண்டாண்டாகப் படிக்கிறோம். வண்டலூர்ப் பக்கம் இரவில் சாலையைக் கடக்கிற மானுக்கு ஹெட்லைட் தெரியும், வண்டியின் வேகம் தெரியாது. ஆண்டர்சன் வெறுத்த அதே கார் விளக்கு. சுடுவதற்குப் பதில் இப்போது வெறுமனே ஓட்டிக்கொண்டு போகிறோம். இந்தச் சாவுகளுக்கு வேட்டைக்காரன் என்று யாரும் கிடையாது. எனவே களவு வேட்டை என்ற சொல்லும் பொருந்தாது. சுவரில் மாட்டக் கொம்பும் இல்லை, எழுதக் கதையும் இல்லை.

இதே வட்டாரத்தில் நடந்த இன்னொன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 1972இல் கிண்டிக்கு வருவதற்கு முன் ரோமுலஸ் விட்டேகரின் பாம்புப் பண்ணை சேலையூரில்தான் இருந்தது. தோல் வியாபாரத்துக்காகப் பாம்பு பிடித்துவந்த இருளர்களுக்குப் புதிய சட்டத்தால் பிழைப்புப் போனது. 1978இல் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. பிடித்த பாம்பிடம் நஞ்சை எடுத்துவிட்டு மறுபடி காட்டில் விடுகிற முறை. நேற்று வரை குற்றமாக இருந்த அறிவு விஷமுறிவு மருந்துக்கு ஆதாரமாயிற்று. 2017இல் அமெரிக்காவின் புளோரிடாவில் பெருகிவிட்ட மலைப்பாம்புகளைப் பிடிக்க, செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும் அழைத்துப்போனார்கள். துப்பாக்கிக்குக் குறைவே இல்லாத நாடு அது. அங்கே தடம் பார்க்கத் தெரிந்த கண் வேண்டியிருந்தது. 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ.

அந்த விருதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் பைராவின் கதை இங்கே கொஞ்சம் திரும்ப வருகிறது என்பதையும் பார்க்கிறேன். அறிவு அங்கீகாரம் பெற ஒரு விட்டேகர் வேண்டியிருந்தது, ஒரு சட்டத் திறப்பு வேண்டியிருந்தது. அந்தத் திறப்பு ஒரு கூட்டுறவுச் சங்கமாக, உறுப்பினர் சந்தாவும் கூலியும் உள்ள அமைப்பாக நிலைத்தது என்பது முக்கியமான வேறுபாடு. ஆண்டர்சனின் மன்னிப்பு ஒரு மனிதருக்கு ஒரு மனிதர் தந்தது. சங்கம் அப்படியல்ல, அங்கே யாரும் யாரையும் மன்னிக்க வேண்டியதில்லை.

7

"அப்படீன்னா என்ன சொல்ற? நரிக்குறவரும் மலைவாசியும் மானைச் சுடட்டும்கிறியா?" என்று இதன் முதல் வடிவத்தைப் படித்த தோழர் கேட்டார். நியாயமான கேள்வி.

இல்லை. 2.7 சதுர கிலோமீட்டர் காட்டில் நெருக்கியடித்து நிற்கும் மானை இனி யார் சுட்டாலும் அது வேட்டையாகாது. பழைய வேட்டையைத் திரும்பக் கொண்டுவருவது என் வாதமில்லை. பழங்குடி என்றால் இயற்கையின் குழந்தை, அவர் சுட்டால் மானுக்கு வலிக்காது என்ற கற்பனாவாதமும் எனக்கு உடன்பாடில்லை. ஒரு வெடியில் விழுந்த மானும் .405இல் விழுந்த மானும் ஒரே மாதிரிதான் காலை உதைத்துக்கொண்டு செத்திருக்கும். மானின் பக்கத்திலிருந்து பார்த்தால் இந்தக் கட்டுரையின் பாதி வாதம் அபத்தம் என்பதும் எனக்குத் தெரியும்.

நான் கேட்பது எழுத்தைப் பற்றி. பழைய லீவர் துப்பாக்கியைப் பளபளவென்று துடைத்து, அதன் மரப்பிடியின் வளைவையும் சத்தத்தையும் வர்ணித்து, ‘அது ஒரு காலம்’ என்று பெருமூச்சு விடுகிற எழுத்து மறுபடி மவுசு பெறுகிறது. வேட்டை நூல்கள் புதுப்பதிப்பு காண்கின்றன. சூழலியல் ஆர்வலர்களே அவற்றைக் காட்டின் பழைய ஆவணமாக விரும்பிப் படிக்கிறார்கள். படிக்கட்டும். ஆனால் நாட்டுத் துப்பாக்கிக்கு இப்படிப் பெருமூச்சு விட்டு யாராவது எழுதியதுண்டா? அதன் குழலைக் கடைந்த கொல்லர் யார், மருந்து இடிக்கக் கரி எந்த மரத்திலிருந்து வந்தது, அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பிய ராத்திரி அந்தக் குடும்பம் என்ன பேசிக்கொண்டது? இவையும் காட்டின் ஆவணம்தான். ஒரு துப்பாக்கி அரும்பொருளாகவும் இன்னொன்று வழக்குச் சொத்தாகவும் மிஞ்சுகிற வரை, நாம் சூழலியல் என்று பேசுவதிலும் சுவரில் மாட்டிய கொம்பு இருக்கிறது.

செய்யக்கூடிய வேலை பெரிதல்ல. ஆண்டர்சனைத் தமிழில் வாசிக்கிறவர்கள் பைராவின் பக்கத்திலிருந்து ஒருமுறை வாசித்துப் பார்க்கலாம். காடு பற்றி எழுதுகிறவர்கள் ‘ர்’, ‘ன்’ போடும்போது பேனாவைக் கொஞ்சம் நிறுத்தலாம். தாம்பரத்திலும் செங்கல்பட்டிலும் இன்னும் இருக்கிற முதிய நரிக்குறவர்களிடமும் இருளர்களிடமும், ஒலிப்பதிவுக் கருவியோடு போய் உட்காராமல், முதலில் சும்மா போய் உட்காரலாம். சொல்ல விருப்பம் உள்ளவர்கள் சொல்வார்கள். அதை அவர்கள் பெயரிலேயே அச்சிட இடம் கொடுக்கிற பத்திரிகைகள் வேண்டும், இது போன்ற பத்திரிகைகளும் சேர்த்துத்தான். நம் பக்கங்களில் விளிம்புநிலை பற்றி எழுதியவர்களின் பட்டியலை எடுத்துப் பாருங்கள். அதில் பைராக்கள் எத்தனை பேர்?

இன்ஜின் டிரைவர் தாத்தா வீடு இப்போது இல்லை. அந்த இடத்தில் அடுக்குமாடி வந்துவிட்டது. கொம்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. தாம்பரம் நிலையத்தில் நரிக்குறவப் பெண்கள் இன்றும் மணி விற்கிறார்கள். போன மாதம் ஒரு முதியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். "அந்தக் காலத்துல துப்பாக்கி இருக்குமே, பெரியவரே?" என்று கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீ யாரு, போலீசா?" என்றார்.